நீடாமங்கலம் கேட்டில் நின்றுபோன சத்தம்

எங்கள் பக்கத்துக் கார் எலெக்ட்ரீஷியன்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. நான் வேலையை விட்டு இரண்டு வருடமாகியும் என்னை அதிலிருந்து யாரும் தூக்கவில்லை. மரியாதையா, மறதியா என்று தெரியாது. போன மாதம் கும்பகோணத்திலிருந்து ஒருவர் கேட்டிருந்தார்: "அண்ணே, ஆம்ப்ளிஃபையர் நல்லா ஓடிக்கிட்டே இருந்து திடீர்னு செவப்பு லைட்டப் போட்டு நின்னுடுது. ஸ்பீக்கர மாத்தியாச்சு, ஆம்ப்ளிஃபையரையே மாத்தியாச்சு. என்ன பண்ணலாம்?" நான் ஒரே வார்த்தையில் பதில் போட்டேன்: "எர்த்து." பத்துப் பதினைந்து பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். ஒருவர் மட்டும், "வண்டியப் பாக்காமலே எப்புடிண்ணே சொல்றீங்க?" என்று மடக்கினார்.

பார்க்காமல் சொல்லவில்லை. பார்த்திருக்கிறேன். அதுவும் என் கையாலேயே உண்டாக்கிய கோளாறாகப் பார்த்திருக்கிறேன். அந்தக் கதையைப் போனில் தட்டித் தட்டி எழுதினால் என் ஆயுசு போதாது. அதனால் நோட்டில் எழுதிப் படம் எடுத்துப் போடுகிறேன். படிக்க முடியாதவர்கள் என் கையெழுத்தைத் திட்டிக்கொள்ளலாம்.

நான் திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்துக்காரன். அப்பாவும் அம்மாவும் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு மூன்று வருடம் பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டினேன். பிறகு தஞ்சாவூரில் கார் ஆடியோக் கடையில் சேர்ந்தேன். முன்னேற வேண்டும் என்ற லட்சியமெல்லாம் இல்லை. பெண் பார்த்த வீட்டில் "மாப்பிள்ளைக்கு டவுனில் வேலை" என்று சொல்லியாக வேண்டியிருந்தது. அப்படிச் சேர்ந்த கடையில் முப்பத்தொரு வருடம் இருந்தேன்.

முதலாளி நாகூர்க்காரர். எல்லோருக்கும் அவர் பாய்தான். வெள்ளைக் கைலி, வெள்ளைச் சட்டை. நாள் முழுக்க டிக்கிக்குள் தலையை விட்டுக்கொண்டு வேலை பார்த்தாலும் அந்தச் சட்டையில் ஒரு கறை இருக்காது. எனக்குக் காலை பத்து மணிக்கே முழங்கை வரை கறுத்திருக்கும். அவர் குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. எங்களிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் ஓடிக்கொண்டிருக்கும் பாட்டை நிறுத்திவிட்டு மெதுவாகச் சொல்வார். அதனால் பாட்டு நின்றாலே கையிலிருப்பதைக் கீழே வைத்துவிடுவோம்.

வண்டி வந்ததும் ஸ்குரூ டிரைவரை எடுக்கக் கூடாது என்பது பாயின் முதல் சட்டம். குறை சொல்கிறவர் எந்தச் சீட்டில் உட்கார்ந்து அந்தக் குறையைக் கண்டாரோ, அந்தச் சீட்டில் போய் நாமும் உட்கார வேண்டும். "டிரைவர் சீட்டுல ஒக்காந்துக்கிட்டு பின் சீட்டு வியாதியப் பாக்காத செல்வம்" என்பார். அதன் பிறகு ஆம்ப்ளிஃபையரின் லைட்டைப் பார்க்க வேண்டும். எரியவே இல்லையென்றால் ஃபியூஸையும், முன்னால் இருக்கும் பாட்டுச் செட்டிலிருந்து வரும் மெல்லிய நீல ஒயரையும் பார்க்க வேண்டும். சிவப்பு எரிந்தால் அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கதவைச் சாத்திக்கொண்டது என்று அர்த்தம். ஸ்பீக்கர் ஒயர்களைக் கழற்றிப் பார்த்து, சிவப்பு பச்சையானால் கோளாறு ஸ்பீக்கர் பக்கம். சப்வூஃபர் என்கிற அந்தப் பெரிய ஸ்பீக்கரின் ஒயரில் ஒன்பது வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டால் அட்டை 'டப்' என்று எம்ப வேண்டும். எம்பினால் உயிர் இருக்கிறது. இத்தனைக்கும் பிறகுதான் மீட்டர்.

கடைசியில் எர்த்து. தடித்த சிவப்பு ஒயர் பேட்டரியிலிருந்து கரண்டைக் கொண்டுவருகிறது. அது திரும்பிப் போகும் வழி காரின் இரும்பு உடம்பு. கறுப்பு ஒயரை அந்த இரும்பில் கடிக்கவிட வேண்டும். பெயிண்டைச் சுரண்டி, இரும்பு பளபளவென்று தெரிந்த பிறகு வளையத்தை வைத்து போல்ட்டை முறுக்கி, மேலே கிரீஸ் பூச வேண்டும். "கரண்டு வர்ற வழிய எல்லாரும் பாக்குறான். போற வழிய எவனும் பாக்கறதில்ல" என்று பாய் அலுத்துக்கொள்வார். அதற்காகவே ஒரு சட்டம் வைத்திருந்தார். யார் வேலை செய்தாலும், எத்தனை வருட அனுபவம் இருந்தாலும், எர்த்தை மூடுவதற்கு முன்னால் அவரைக் கூப்பிட வேண்டும். அவர் வந்து குனிந்து பார்த்து, விரலால் ஒரு தடவு தடவிவிட்டு, "ம்" என்பார். அந்த "ம்" கிடைத்தால்தான் முறுக்கலாம்.

சப்வூஃபரைச் சோதிக்க எங்களிடம் சினிமாப் பாட்டு கிடையாது. ஏதோ ஒரு கல்யாணத்தில் பதிவு செய்த தவில் சி.டி. ஒன்றைப் பாய் வைத்திருந்தார். தவிலில் தடித்த சத்தம் தரும் தொப்பிப் பக்கம் விழும் அடி நெஞ்சில் வந்து இடித்தால் சப்வூஃபர் பெட்டி சரி. காதில் மட்டும் கேட்டால் சரியில்லை. அந்தச் சி.டி.யை எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருப்பேனோ. எந்த இடத்தில் ஒரு குழந்தை அழும், எந்த இடத்தில் சமையற்காரர் தண்ணீர் கேட்பார் என்றுகூட எனக்கு மனப்பாடம்.

டெல்டாவில் இந்த வேலை செய்வதென்றால் எலிகளோடு குடித்தனம் நடத்த வேண்டும். ஒரு தை மாதம் எங்கள் ஊர்ப் பக்கத்து மிராசு ஒருவர், "பெட்டிக்குள்ள யாரோ கொறட்டை விடுறாங்க" என்று வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஒயரை எல்லாம் ஆட்டிப் பார்த்து நான் தோற்றுப்போனேன். பாய் பெட்டியின் காற்றுக்குழாயில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, பாட்டை நிறுத்தினார். "செல்வம், அஞ்சு குட்டி." டிக்கியில் ஏற்றிய புது நெல் மூட்டையிலிருந்து சிந்தியது எல்லாம் உள்ளே சேர்ந்து, எலி அங்கேயே பிரசவம் பார்த்திருந்தது. அன்றிலிருந்து எங்கள் கடைப் பெட்டிகளின் குழாய்க்குக் கொசுவலைக் கம்பி அடித்துக் கொடுத்தோம். வேறு ஊர்க்காரர்கள் ஏன் என்று கேட்பார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் கேட்க மாட்டார்கள்.

இனி நான் பண்ணிய காரியத்துக்கு வருகிறேன்.

நன்னிலம் பக்கத்திலிருந்து ராஜேந்திரன் என்று ஒருவர் பழைய வெள்ளைக் காரோடு வந்தார். ஐந்து ஏக்கர் சொந்தச் சாகுபடி. கூடவே ஏழு வயது மகள் கயல். அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. தஞ்சாவூரில் காது கேளாத பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியில் அந்த வருடம்தான் சேர்த்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்கு அழைத்துப் போய் திங்கட்கிழமை காலை கொண்டுவந்து விட வேண்டும். அந்தத் திங்கட்கிழமைதான் அவர்களுக்கு எமனாக இருந்தது. கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு விடமாட்டாளாம். பாதி வாரங்கள் பள்ளிக்கே போகவில்லை.

"ஒரு கல்யாணத்துக்கு சொந்தக்காரர் வண்டியில போனோங்க" என்றார் ராஜேந்திரன். "அதுல இந்தப் பெரிய பொட்டி இருந்துச்சு. பின் சீட்டுல சாஞ்சுக்கிட்டு வழியெல்லாம் சிரிச்சுக்கிட்டே வந்துச்சுங்க. அது இருந்தா ஸ்கூலுக்கும் வந்துடும்னு தோணுது. இனிமேலும் நின்னா இந்த வருஷம் வச்சுக்க முடியாதுன்னு ஸ்கூல்ல சொல்லிட்டாங்க."

பாய் கடை வண்டியின் பின் சீட்டில் கயலை உட்கார வைத்துத் தவிலைப் போட்டார். அவள் முதலில் திரும்பிச் சீட்டுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தாள். பிறகு முதுகை நன்றாகப் பதித்து, இரண்டு உள்ளங்கைகளையும் சீட்டில் விரித்து வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். நான் அத்தனை வருடம் மனப்பாடமாகக் கேட்ட தவிலை அவள் மாதிரி ஒரு நாளும் கேட்டதில்லை. பாய் என்னிடம், "இந்த வண்டிய நீயே தனியா செய்" என்றார்.

நான் வேலை செய்த நாள் ஆயுத பூஜை. விடுமுறை முடிந்து அடுத்த திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது என்பதால் ராஜேந்திரன் கடையிலேயே காத்திருந்தார். பெட்டி, ஆம்ப்ளிஃபையர், ஒயர் எல்லாம் முடித்து, தவில் சி.டி.யின் நகல் ஒன்றையும் செட்டில் போட்டு, எர்த்துக்காக டிக்கித் தரையில் பெயிண்டைச் சுரண்டி வைத்திருந்தேன். கண்ணாடி மாதிரி மின்னியது. அதற்குள் பூஜைக்கு நேரமாகிவிட்டது. எங்கள் கடையில் மீட்டர், ஸ்பானர், சால்டரிங் அயர்ன் என்று ஒன்று விடாமல் சந்தனம் குங்குமம் வைப்போம். பூஜை நேரத்தில் பாய் எதிரே டீக்கடைப் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வார். கற்பூரம் அணைந்ததும் வந்து எங்களோடு பொரிகடலை சாப்பிடுவார். பொரி வாங்கிக் கொடுப்பவரே அவர்தான்.

பாய் என்னை நம்பித் தனியாக ஒப்படைத்த வண்டி. அந்தக் குழந்தை நல்லபடியாகப் பள்ளிக்குப் போக வேண்டும் என்று நிஜமாகவே வேண்டிக்கொண்டேன். சந்தனத்தைக் குழைத்து மோதிர விரலால் எடுத்து ஸ்டியரிங்கில் வைத்தேன், பெட்டியில் வைத்தேன். அப்புறம் அந்தச் சுரண்டிய இடத்திலும் பெரிதாக ஒரு பொட்டு, நடுவில் குங்குமம். அதுதானே மின்னிக்கொண்டிருந்தது! பூஜை முடிந்த கையோடு அதன் மேலேயே வளையத்தை வைத்து முறுக்கி, கிரீஸ் பூசி மூடிவிட்டேன். பாய் டீக்கடையில் இருந்தார். கூப்பிட்டிருக்கலாம். ராஜேந்திரன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார், எனக்கும் தலைக்கனம். கூப்பிடவில்லை.

முதல் சில வாரங்கள் கயல் ஜம்மென்று பள்ளிக்குப் போனாள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட பிறகு ராஜேந்திரனிடமிருந்து போன் வந்தது. "அண்ணே, நீடாமங்கலம் கேட்டத் தாண்டுனதும் நின்னுபோச்சுங்க. புள்ள பயந்து கத்துது." வண்டி கடைக்கு வந்தபோது தவில் கணீரென்று கேட்டது. ஃபியூஸை மாற்றி அனுப்பினேன். அடுத்த திங்கட்கிழமை அதே ரயில்வே கேட், அதே சிவப்பு லைட். ஆம்ப்ளிஃபையரை மாற்றினேன். மூன்றாவது திங்கட்கிழமையும் அங்கேயே நின்றது. அந்தத் தடவை கயல் ஓடுகிற காரின் கதவைத் திறக்கப் பார்த்தாளாம். அவர்கள் அங்கிருந்தே வீட்டுக்குத் திரும்பிவிட்டு, மறுநாள்தான் எப்படியோ அவளைப் பள்ளியில் கொண்டுவந்து விட்டார்கள். அந்த இடத்தில் ஏதோ காத்து கருப்பு இருக்கிறது, வலங்கைமான் வழியாகப் போகட்டுமா என்று ராஜேந்திரன் என்னிடமே யோசனை கேட்டார். எனக்கு எரிச்சல் வந்தது. "தண்டவாளத்துல கொஞ்சம் மெதுவா ஏத்தி எறக்குங்க. நீங்க ஓட்டுற ஓட்டுல பொட்டி என்ன பண்ணும்?" என்று அவர் மேலேயே பழியைப் போட்டேன்.

எர்த்தை நான் பார்க்கவே இல்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். மீட்டர் வைத்தேன். பாட்டு ஓடாதபோது, கறுப்பு முனையைப் பக்கத்திலிருந்த சீட் போல்ட்டில் வைத்தேன். பன்னிரண்டரை வோல்ட் காட்டியது, திருப்தியாகிவிட்டேன். என் போல்ட்டை விட்டுவிட்டு ஊரான் போல்ட்டைச் சோதித்திருக்கிறேன். நான் முறுக்கியது தப்பாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பாய் பாட்டை நிறுத்தினார். "நாளைக்கு வெள்ளிக்கெழம. அவங்க புள்ளையக் கூட்டிக்கிட்டு ஊருக்குப் போறப்ப நீயும் போ. அது ஒக்கார்ற எடத்துல ஒக்காந்து போ."

போனேன். கயலுக்குப் பக்கத்தில் பின் சீட்டில், மடியில் மீட்டர் பையோடு உட்கார்ந்தேன். என்னைப் பார்த்து அவள் சிரிக்கவில்லை. மழை விட்டு இருபுறமும் சம்பாப் பயிர் பச்சைப் பசேலென்று நின்றது. தவில் ஓடிக்கொண்டிருந்தது. அம்மாபேட்டையைத் தாண்டியதும் அவள் என் கையைத் தட்டினாள். உள்ளங்கையை விரித்து மார்புக்கு நேராக நீட்டி, மெல்லக் கீழே இறக்கினாள். எனக்குப் புரியவில்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி இறங்கியதும் அதே போல் கையை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கினாள். என் காதுக்குத் தவில் அப்படியேதான் இருந்தது. சத்தம் குறைகிறது என்கிறாள் என்று உறைக்க எனக்கு நாலைந்து கிலோமீட்டர் ஆனது.

ஆம்ப்ளிஃபையர் திடீரென்று சாகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டினி கிடந்து சாகிறது. ராஜேந்திரனின் முதுகைப் பார்த்துக் கத்தினேன்: "கேட்டுல நிறுத்துங்க, நிறுத்துங்க!"

நல்ல வேளை, நீடாமங்கலத்தில் கேட் போட்டிருந்தார்கள். ஜென்மத்தில் முதல் தடவையாக அந்தக் கேட் மூடியிருந்ததற்கு நான் சந்தோஷப்பட்டேன். டிக்கியைத் திறந்தேன். கயலும் இறங்கி வந்து பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டாள். இந்தத் தடவை மீட்டரின் இரண்டு முனைகளையும் ஆம்ப்ளிஃபையரின் வாயிலேயே வைத்தேன். ஒவ்வொரு தவில் அடிக்கும் பன்னிரண்டு வோல்ட் ஒன்பதுக்குக் குப்புற விழுந்தது. பானட்டைத் திறந்து, பேட்டரியின் மைனஸிலிருந்து நீள ஒயர் இழுத்து ஆம்ப்ளிஃபையரின் எர்த்தோடு ஒப்பிட்டேன். ஒன்றுமே காட்டக் கூடாத இடத்தில் மூன்று வோல்ட் காட்டியது. போல்ட்டைக் கழற்றினேன்.

வளையத்துக்கு அடியில் காய்ந்து ஓடாகிப்போன சந்தனம். நடுவில் குங்குமம் நிறம் மாறாமல் இருந்தது. சுற்றிலும் மழைக்குப் பிடித்த துரு. என் மோதிர விரலின் ரேகைகூட அதில் தெரிந்தது.

கரண்டு திரும்பும் வழியை அதுதான் அடைத்திருந்தது. அந்தக் குழந்தைக்காக வேண்டிக்கொண்டு வைத்த பொட்டு. அதற்குள் ரயில் போய், கேட் திறந்து, பின்னால் நின்ற பஸ்காரன் ஹாரனை அழுத்திவிட்டான். ராஜேந்திரன் வண்டியை ஓரமாகத் தள்ள, நானும் கூடவே நடந்து, மண்டியிட்டுப் பிளேடால் சுரண்டினேன். இரும்பு மின்னும் வரை சுரண்டினேன். முறுக்கினேன். தவில் ஓடியது. கயலின் உள்ளங்கை இடுப்பிலிருந்து மார்புக்கு ஏறி, தலைக்கு மேலே போயிற்று.

தண்டவாளத்தில் வேண்டுமென்றே வேகமாக ஏற்றி இறக்கச் சொன்னேன். நிற்கவில்லை. "என்னாங்க கோளாறு?" என்று கேட்டார் ராஜேந்திரன். "துரு" என்றேன். பொய் இல்லைதான். ஆனாலும் திருவாரூரில் இறங்கித் திரும்பி வந்த பஸ்ஸில் அந்த வார்த்தை உறுத்திக்கொண்டே வந்தது.

மறுநாள் பாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையிலிருந்த ஸ்பானரைத் துணியால் துடைத்துக் கீழே வைத்தார்.

"நான் பாத்தேன் செல்வம்" என்றார். "டீக்கடையிலேருந்து பாத்தேன். நீ பொட்டு வைக்கிறதையும் பாத்தேன், அதும்மேலயே முறுக்குறதையும் பாத்தேன். ஓங்க சாமி விஷயத்துல நான் வந்து, அதத் தொடச்சிட்டு மாட்டுன்னு சொன்னா தப்பாப் போயிடுமோன்னு இருந்துட்டேன். அப்புறம் வண்டி திரும்பத் திரும்ப வந்தப்பவும் அதக் கேக்க மனசு வரல. பாதித் தப்பு என்னுது."

அந்தப் பெரிய மனுஷன் என் முன்னால் தலை குனிந்தது இன்றைக்கும் எனக்குத் தாங்கவில்லை. இரண்டு பேரும் மரியாதை பார்த்தோம். இடையில் ஒரு குழந்தை கதறியது.

திங்கட்கிழமை ராஜேந்திரன் கடைக்கு வந்தார். கயல் திரும்பிக்கூடப் பார்க்காமல் பள்ளிக்குள் ஓடிவிட்டாளாம். அவர் கையில் ஒரு தார் பூவன்பழம். அவரை உட்கார வைத்து, துரு இல்லை, நான் வைத்த பொட்டு என்று சொன்னேன். அவர் ஓட்டியதைக் குறை சொன்னதற்கும் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்தார். "சாமிப் பொட்டுதானேங்க. அதுக்குப் போயி மூஞ்சியத் தொங்கப்போடுறீங்களே." பிறகு எழுந்து வண்டிக்குப் போகும்போது யாரிடமோ சொல்வதுபோல், "மூணு திங்கக்கெழம அழுதுச்சுங்க" என்றார்.

திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

அடுத்த ஆயுத பூஜையில் பாய் டீக்கடைக்குப் போகவில்லை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "ஆம்ப்ளிஃபையர் தலையில வை. மீட்டர் ஒறையில வை. அங்க வேணாம், அது இரும்பு" என்று ஒவ்வொன்றுக்கும் இடம் காட்டினார். அவர் இருந்த வரை ஒவ்வொரு வருடமும் அந்த நாற்காலி அங்கே போடப்பட்டது. அவர் காலமாகி ஆறு வருடமாகிறது. கற்பூர வாசனையும் சால்டரிங் புகையும் கலந்த அந்தக் கடை இப்போதும் என் கனவில் வருகிறது. பாட்டு நின்றதும் விழித்துக்கொள்கிறேன்.

நான் வேலையை விட்டதற்குக் காரணம் காது. இடது காது போயேவிட்டது, வலது பாதி. முப்பத்தொரு வருடம் பெட்டிக்குள் தலையை விட்டால் வேறென்ன கிடைக்கும்?

போன பொங்கல் கழித்து ஒரு நாள் என் வீட்டு வாசலில் கார் வந்து நின்றது. ஓட்டி வந்தது ஒரு இளம்பெண். இறங்கி என் முன்னால் நின்று, உள்ளங்கையை விரித்து, மெல்லக் கீழே இறக்கினாள். நன்னிலம் தாலுகா ஆபீசில் வேலை பார்க்கிறாள் என்பதைப் பிறகு போனில் எழுதிக் காட்டினாள். டிக்கியைத் திறந்தேன். ஆம்ப்ளிஃபையரின் தலையில் போன ஆயுத பூஜையின் சந்தனப் பொட்டு, இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. எர்த்து போல்ட் சுத்தமாக இருந்தது, கொஞ்சம் இளகியிருந்தது. அரைச் சுற்று முறுக்கினேன்.

அவள் தவிலைப் போட்டாள். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. தன் காதைத் தொட்டு, என்னைக் காட்டி, என்ன என்று கேட்டாள். நான் என் உள்ளங்கையை விரித்து, மார்பிலிருந்து இடுப்பு வரை மெல்ல இறக்கிக் காட்டினேன்.

கயல் என் கையைப் பிடித்து இழுத்துப் பெட்டியின் மேல் வைத்து, அதன் மேல் தன் கையையும் வைத்து அழுத்திக்கொண்டாள்.